பதினொரு கையெழுத்து

ஒபாலா, போஸ்னியா
3 மார்ச் 2014

அன்புள்ள ரட்மிலா,

நலமா? போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். போன மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தூதுக்குழுவோடு நீ வந்தபோது, போரில் காணாமற்போனவர்களின் வீட்டுப் பெண்கள் பதினொரு பேர் என் வீட்டில் கூடினோம். யாராவது வந்தால் இருக்கட்டும் என்று வழக்கம்போல ஒரு கோப்பை கூடுதலாக வைத்திருந்தேன். நீ அதில்தான் காப்பி குடித்தாய். கிளம்பும்போது ஒரு தாளை நீட்டி, "வந்ததுக்கு ஒரு கையெழுத்துதான்" என்றாய். போட்டோம். இப்போது வானொலியில் சொல்கிறார்கள்: செர்பியாவோடு ஆற்றுப்பாலம் கட்டும் ஒப்பந்தம் தயாராம், காணாமற்போனவர்களைப் பற்றிய ராணுவக் கோப்புகளைத் திறப்பது பிறகாம், குடும்பங்கள் சம்மதித்துவிட்டனவாம். என் தம்பி நெஜாதின் எலும்பைத் தேட வேண்டாம் என்று நான் எப்போதடி சம்மதித்தேன்?

உன்னோடு ஒரே பெஞ்சில் படித்த
சும்ரெத்தா

பெல்கிரேட்
12 மார்ச்

பிரியமுள்ள சும்ரெத்தா,

தப்பு என்னுடையதுதான். எங்கள் அலுவலகத்தில் வருகைத்தாளை அறிக்கையின் பின்னால் கோத்துவிட்டால், கலந்து பேசியாயிற்று என்று அர்த்தம். நீங்கள் சம்மதிக்கவில்லை என்று இப்போது சொன்னால் ஒப்பந்தமே நின்றுவிடும். என் வேலையும் போகும். அடுத்த சுற்றுப் பேச்சில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் அப்பாவும் "பழசக் கிளறாதம்மா" என்கிறார். கொஞ்சம் பொறு.

உன் ரட்மிலா

ஒபாலா
20 மார்ச்

ரட்மிலா,

இருபத்திரண்டு வருஷம் பொறுத்தாயிற்று. கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று பதினொரு பேரும் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத வராத ஹாட்டிஜா கைநாட்டு வைத்திருக்கிறாள். நீ இதை மேசையில் வைக்காவிட்டால் ஏப்ரல் பதினான்காம் தேதி நாங்களே பஸ் ஏறி வந்து வைப்போம்.

இன்னொன்று. நெஜாத் காணாமற்போன அந்தக் கோடையில் உன் அப்பா ராணுவ லாரி ஓட்டினார். எதைக் கிளற வேண்டாம் என்கிறார் என்று அவரையே கேள்.

சும்ரெத்தா

பெல்கிரேட்
6 ஏப்ரல்

சும்ரெத்தா,

பஸ் ஏறாதே. வெள்ளிக்கிழமை, இரண்டு நாட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்த மேசையிலேயே வைத்துவிட்டேன். எங்கள் தூதர் முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் பதினொன்றையும் படித்தார். கோப்புகளைத் திறக்காமல் ஒன்றியம் பாலத்துக்குக் காசு தராது என்று சொல்லிவிட்டார். ஒப்பந்தம் தள்ளிப்போயிற்று. என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். போகட்டும்.

நேற்று அப்பாவைக் கேட்டேன்.  "வண்டிதாம்மா ஓட்டினேன். எங்க நிறுத்தினேன்னு தெரியும்" என்றார். அதற்குமேல் அவர் எதிரே என்னால் உட்கார முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது சும்ரெத்தா.

வருகிற சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். காணாமற்போனவர்களைத் தேடும் குழுவிடம் அந்த இடத்தைக் காட்டுவார். மாட்டேன் என்றாலும் கூட்டி வருவேன். பிறகு உன் வீட்டுக்கு வருவேன்.

எனக்குக் கோப்பை வைக்காதே.

ரட்மிலா