படகின் பெட்ரோல் ஓஸை நான் அறுத்தது

அனுப்புநர்:
க. ஜானு, க/பெ கதிரேசன் (காலஞ்சென்றவர்),
மீன் வியாபாரம்,
சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம், சென்னை.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
மீன்வளத் துறை, சென்னை.

பொருள்: பழைய ஃபைபர் படகு – பெட்ரோல் ஓஸ் முழுவதையும் மாற்றும்வரை கடலுக்கு அனுப்ப வேண்டாமெனக் கோருதல் – என் மீதான புகாருக்கு விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கொழுந்தன் முத்துகிருஷ்ணன் தங்களிடம் கொடுத்த புகாரில், அண்ணி படகைச் சேதப்படுத்திவிட்டார் என்று கூறியிருக்கிறார். அது உண்மை. தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் ஓஸை மீன் வெட்டும் கத்தியால் நான்தான் அறுத்தேன். யாரும் தூண்டிவிடவில்லை. காரணத்தை மட்டும் தாங்கள் கேட்டருள வேண்டும்.

2. என் கணவர் அதைப் பழைய படகாகத்தான் வாங்கினார். தொட்டி நடுவில் இருக்கிறது. ஓஸ் ஃபைபர் தளத்துக்கு அடியிலேயே ஓடிப் பின்பக்கம் எஞ்சினுக்குப் போகிறது. கண்ணுக்குத் தெரிவது இரண்டு முனைகள் மட்டுமே. போன வருடத்திலிருந்து அவர் கைலியில் பெட்ரோல் நாற்றம் அடித்தது. சோப்புப் போட்டும் போகவில்லை. கேட்டதற்கு, "பெட்ரோல்ல ஓட்ற போட்டுல பன்னீர் வாசமா அடிக்கும்?" என்று சிரித்தார். மந்தைவெளியில் எஞ்சின் பழுது பார்க்கும் தௌசீஃப் வந்து பார்த்து, "தளத்த அறுத்து மொத்த ஓஸையும் மாத்திடுண்ணே, வெடிச்சிப் போய் கீது" என்றார். மீன் வரத்து நன்றாக இருந்த நேரம் என்பதால் வேலை தள்ளிப்போனது.

3. கடந்த மாசி மாதம் ஒரு காலையில் அண்ணனும் தம்பியும் கடலுக்குப் போனார்கள். வலை விட்டபின் மறுபடி எஞ்சினைக் கிளப்பியபோது, கசிந்து படகின் அடியில் தேங்கியிருந்த பெட்ரோல் பற்றிக்கொண்டது. என் கணவர் அந்த நேரம் எஞ்சினுக்குப் பக்கத்தில் குனிந்து, தண்ணீர் இறைக்கப் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தார். முத்துகிருஷ்ணன் ஈரச் சாக்கைப் போட்டுத் தீயை அணைத்து, கடலில் குதித்துவிட்ட அண்ணனை இழுத்துப் போட்டுக் கரை சேர்த்தார். அதை நான் மறக்கவில்லை.

4. மருத்துவமனையில் என் கணவர், "வலைய எட்த்தாச்சா?" என்று கேட்டார். எடுத்தாச்சு என்றேன். வலை கடலிலேயே போய்விட்டிருந்தது. அதன்பின் அவர் பேசவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு மந்தைவெளிக்குப் போனேன். இது மனுவுக்குத் தேவையில்லை என்கிறாள், இதை எழுதித் தரும் பக்கத்து வீட்டு அனுப்ரியா. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

5. விசாரணை முடிந்து படகு எங்களிடம் வந்தது. தீ பட்டது பின்பக்கம் மட்டும்தான். முத்துகிருஷ்ணன் அங்கே ஃபைபர் ஒட்டி, எஞ்சின் பக்கம் வெளியே தெரியும் ஓஸை மட்டும் வெட்டிப் புதிதாகச் சேர்த்து கிளிப் போட்டார். தளத்துக்கு அடியில் இருப்பது அதே பழைய ஓஸ். கேட்டதற்கு, "உள்ள நல்லாத்தான் கீது அண்ணி. தளத்த அறுத்தா போட்டு தாங்காது. நான் இன்னா, வூட்ல குந்திகினு இருக்கவா?" என்றார். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அவர் கேட்டதில் தவறில்லை. மறுநாள் கடலுக்குப் போவதாக இருந்தது.

6. அன்று மதியம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது நான் படகில் ஏறினேன். தொட்டியிலிருந்த பெட்ரோலைக் கேனில் பிடித்து மூடி, நிழலில் வைத்தேன். ஒரு சொட்டும் வீணாகவில்லை. பிறகு தொட்டிப் பக்கம் ஓரிடம், எஞ்சின் பக்கம் ஓரிடம் ஓஸை அறுத்தேன். அடியில் கிடந்ததைப் பிடித்து இழுத்தேன். பாதி வந்ததும் அது தானாகவே அறுந்தது. அந்த இடத்தில் நான் கத்தி வைக்கவில்லை. அறுந்த முனை நகம் பட்டாலே பொரிந்து உதிர்கிறது. அந்தத் துண்டைப் பையில் கட்டி மனுவோடு கொண்டுவந்திருக்கிறேன். தாங்களே கையில் எடுத்துப் பார்க்கலாம்.

7. ஆகவே தங்கள் ஆய்வாளர் ஒருவர் நேரில் வந்து, தளத்தைத் திறந்து, ஓஸ் முழுவதும் பெட்ரோலுக்கான நல்ல ஓஸாக மாற்றப்பட்டதைக் கண்ணால் பார்த்த பின்பே படகைக் கடலில் இறக்க உத்தரவிட வேண்டும். வேலையைச் செய்து தருவதாகத் தௌசீஃப் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓஸை அறுத்ததற்கு என் மீது நடவடிக்கை உண்டென்றால் கட்டுப்படுகிறேன். என் கொழுந்தன் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை.

8. அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. நேற்று அவர் மனைவி சீதா குழம்பு கொண்டுவந்து வைத்தாள். போகும்போது வாசலில் நின்று, "இன்னும் கொஞ்ச நாளு அவர கரையிலயே வெச்சிக்க முடியுமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் தங்களிடம் இருக்கும் என்று நம்பி இம்மனுவைத் தங்கள் கையில் ஒப்படைக்கிறேன்.

இடம்: பட்டினப்பாக்கம்
நாள்: 12.06.2025

இப்படிக்கு,
க. ஜானு
(கையொப்பம்)