இந்த வாரச் செய்திகளும் உங்கள் காலர் டியூனும்

என்னங்க,

வாராவாரம் எழுதும் கடிதத்தை எப்போதும் உலகச் செய்தியில்தான் ஆரம்பிப்பேன். இந்த வாரம் ஓவியத்தில் தொடங்குகிறேன். நூலகக் கண்காட்சியில் நம் மகள் வரைந்த படம் இருக்கிறது. கேமராவும் கையுமாக நீங்கள். முகம் மட்டும் இல்லை. "அப்பா வந்ததும் பாத்து வரைவேன்" என்கிறாள்.

நீங்கள் படமெடுக்கப் போன ஊரில் குண்டு விழுந்த பாலத்தை டிவியில் காட்டினார்கள். சத்தத்தை நிறுத்திவிட்டேன்.

"ஏம்மா, சத்தமே வரல?" என்றார் அத்தை.

"ரிமோட் மக்கர் பண்ணுது அத்தை."

இந்த வாரப் பாட்டு? உங்கள் காலர் டியூன்தான். முன்பெல்லாம் முதல் வரியிலேயே ஃபோனை எடுத்துவிடுவீர்கள். இப்போது கடைசி வரிவரை எனக்கு மனப்பாடம். ஒரு வாரமாக மணி அடிக்கிறதென்றால், யாரோ அந்த ஃபோனுக்குச் சார்ஜ் போடுகிறார்கள்.

அது நீங்கள்தானே?

உங்கள்
வீட்டுக்காரி