நிலைக்கு அடியில் போன புத்தகம்

கந்தர்வக்கோட்டை

அன்பு மகன் வெற்றிசெல்வனுக்கு, அம்மா செவந்தி சொல்லச் சொல்ல உன் தங்கை சுடர்விழி எழுதுவது. இங்கே நான், அப்பா, இவள் எல்லோரும் சுகம், மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மறைக்காமல் எழுது. போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் நம் பக்கத்து வீட்டு வைஷ்ணவியின் வீட்டுக்காரர் கொண்டு வரும் முந்திரிப்பருப்போடு இந்தக் கடிதம். நான் சொல்வதை இவள் புத்தகத் தமிழாக மாற்றி எழுதுகிறாள், கண்டுகொள்ளாதே.

போன வருடம் முதல் பக்கத்தில் உன் பெயர் எழுதி இவளுக்கு ஒரு மந்திரக் கதைப் புத்தகம் அனுப்பினாயே, ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அந்த ஐந்நூறு பக்கத்தை விடவில்லை. நான் முந்திரி உடைக்கும்போது தினமும் வாசித்துக் காட்டினாள், இவள் குரல் இவளுக்கே கேட்காது, நான் நகர்ந்து நகர்ந்து இவள் மடியில் உட்காராத குறை. கதையில் வரும் பெண் கண்ட கதவைத் திறந்து கண்ட ஊருக்கெல்லாம் போகிறாள், ஓர் ஊரிலாவது ஒரு வாய் சாப்பிட்டாளா என்றால் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் என் மனதில் நின்றுவிட்டது. ஒரு புத்தகத்தை வாசலுக்கு அடியில் வைத்தால், அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் இருக்கும் இடத்துக்கு அந்தக் கதவு திறக்குமாம்.

சென்ற புதன்கிழமை புது வீட்டுக்குத் தலைவாசல் நிலை வைத்தோம். மூன்று வருடமாக ஊருக்கு வராத நீ அதற்கும் வரவில்லை. நவதானியம் போடும் நேரத்தில் இவளை டீ வாங்க அனுப்பிவிட்டு, அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நிலைக்கு அடியில் வைத்துவிட்டேன். இருளாண்டி கொத்தனார், ஏ தங்கச்சி, பொன்னு போடுவாக, காசு போடுவாக, பொஸ்தகம் போட்டவள இன்னிக்குத்தேன் பாக்குறேன் என்று சொல்லிக்கொண்டே சிமெண்டு பூசிவிட்டார். இவளுக்கு இன்னும் நாற்பது பக்கம் பாக்கி என்று நான் கண்டேனா? கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை, எப்போதுமே பேசாதவள் என்பதால் மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. தோண்டி எடுக்கலாம் என்றால், வைத்த நிலையை அசைக்கக் கூடாது என்கிறார் அப்பா.

தினமும் காலையில் போய் நிலைக்குள் எட்டிப் பார்க்கிறேன், மஸ்கட் தெரியவில்லை, கொத்தனாரின் ஆடுதான் தெரிகிறது. கதவே மாட்டல, அதுக்குள்ள எங்கிட்டுத் தொறக்கும் என்கிறார் அவர். அதுவும் நியாயம்தான். தை பிறந்ததும் கதவு மாட்டிப் பால் காய்ச்சுகிறோம். அன்றைக்குக் கதவைத் திறந்தால் நீ நிற்க வேண்டும் ஐயா. வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, மறக்காதே. காளியம்மன் துணை இருப்பாள், நூறு வயது நன்றாக இரு.

உன் வரவை வாசலிலேயே பார்த்திருக்கும்
அம்மா செவந்தி

இது அம்மா சொல்லாதது. அண்ணே, அதே புத்தகம் இன்னொன்று வாங்கி அந்த நாற்பது பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடாதே. நான் பொறுத்துக்கொள்கிறேன். நீயே கையில் கொண்டு வா.