பேண்டேஜ் துணியில் வரைந்த அலை

என் அன்பு மதினிக்கு,

அந்தச் சுவரை இடிக்கப் போகிறார்கள். வேறு யாரிடம் சொன்னாலும் பழைய சுவர்தானே என்பார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நீங்கள் வரைந்ததில் பெரிதாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

தூத்துக்குடியிலிருந்து செல்வம் அண்ணனைக் கட்டிக்கொண்டு இராஜபாளையத்துக்கு வந்தபோது உங்கள் பெட்டியில், பட்டுச்சேலைக்கு அடியில், ஓர் ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. கப்பலில் வேலை பார்த்த உங்கள் தம்பி கொடுத்தது. ஒரு பக்கத்தில் பலகையோடு அலை மேல் நிற்கிறவன், மறுபக்கத்தில் சக்கரம் வைத்த பலகையில் தார்ரோட்டில் போகிறவன். பாவம், போட்டுக்கொள்ளச் சட்டைகூட இல்லை என்று அம்மா இரக்கப்பட்டாள்.

அப்போது அண்ணனும் மில் ஃபிட்டர் துரை அண்ணனும் சொந்தமாகப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குக் கிதார், துரை அண்ணனுக்குப் பாங்கோஸ் மேளம். கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு கேட்டார்கள். இவர்கள் ஆலைச் சங்கைப் பற்றிப் பாடினார்கள். யார் கூப்பிடுவார்கள்? டேப்ரிக்கார்டரில் பதிந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் கேசட்டைச் சும்மா கொடுத்தார்கள். ஒவ்வொரு அட்டையிலும் நீங்கள் அலை வரைந்தீர்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது.

மில்லில் கழித்துப்போட்ட பேரிங்கைச் சக்கரமாக மாட்டி உங்களுக்கு ஒரு பலகை செய்து கொடுத்தார் துரை அண்ணன். பேர்பெற்ற எங்கள் ஊர் நாய்களே அந்தச் சத்தத்துக்கு ஒதுங்கின. தெரு வாய்க்கு அவல் கிடைத்தது. அம்மா உங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். நீங்கள் பலகையை நிறுத்தவில்லை.

ஒருவழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், ஒரு சிநேகிதர் வீட்டு முற்றத்தில், கச்சேரிக்கு இடம் கிடைத்தது. பின்னால் தொங்கவிடப் பெரிய அலை ஒன்று வேண்டும் என்றீர்கள். நம் ஊரில் சும்மா கிடைக்கும் துணி எது? காபி வடிகட்டுவதும் பேண்டேஜ் துணியில்தான், பலகாரம் மூடுவதும் அதில்தான். அண்ணன் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனிக்கு அன்று லீவு. துணி காயப்போடும் சிமெண்ட் களத்துச் சுவரில் அதைக் கட்டித் தொங்கவிட்டு, நீலப் பெயிண்டை நன்றாக இளக்கி, காலையிலிருந்து வரைந்தீர்கள். மத்தியானம் கழற்றினால் துணியில் வெளிறிய கறைதான் இருந்தது. காயத்துக்கு வைக்க நெய்த வலைத்துணி பெயிண்டைத் தாங்குமா? அலை மொத்தமும் சுவருக்குப் போயிருந்தது.

பிறந்ததிலிருந்து பேண்டேஜையே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நீங்கள்தான் சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"செவுத்தத் தூக்கிட்டா போக முடியும்? ஆளுகள இங்க வரச் சொல்லுங்க."

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் டவுன் பஸ் பிடித்து வந்தார்கள். அம்மாவும் வந்து ஓரமாக நின்றாள். இரண்டாவது பாட்டின்போது நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த அலைக்கு முன்னால் பலகையில் ஒரு சுற்றுப் போனீர்கள். கூட்டம் மொத்தமும் திரும்பி அம்மா முகத்தைத்தான் பார்த்தது.

"விழுந்தா கட்டுறதுக்கு நம்ம ஊருல துணிக்கா பஞ்சம்? ஓட்டட்டும்," என்றாள் அம்மா.

இப்போது கேபிள் டிவியில் பையன்கள் பலகையில் பறக்கிறார்கள். எங்கள் மருமகள் சேலை கட்டிக்கொண்டே போவாள் என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையடிக்கிறாள், பிறகு உள்ளே வந்து அழுகிறாள். அண்ணன்தான் அழுவதுமில்லை, பாடுவதுமில்லை. வேலைக்குப் போகிறான், வருகிறான். கிதார் உறையிலேயே கிடக்கிறது.

சுவரை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி, கம்பெனியை வாங்கியவரிடம் நான்தான் போய்க் கேட்டேன். நல்ல மனுஷர், வேண்டுமானால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்தோம். போட்டோவில் அது மழை ஒழுகிய கறை போல இருக்கிறது. உங்கள் மகள் கயல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா எதுல வரஞ்சாங்க?"

துணியில் என்றேன்.

"அப்ப துணி வாங்குங்க."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன், தோளில் ஒரு பேண்டேஜ் சுருளோடு திரும்பி வந்தான். நீங்கள் போன பிறகு அவனாக எழுந்து ஒரு காரியத்துக்குப் போனது அன்றுதான், மதினி.

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுச் சுவரில் துணியைக் கட்டுகிறோம். கயல் வரைவாள். பெயிண்டை இன்னும் இளக்கு, அப்போதுதான் இறங்கும் என்று அம்மா இப்போதே அதிகாரம் செய்கிறாள். உங்கள் அலை போல வருமா? வராதுதான். உங்கள் கேசட் அட்டைகளில்கூட ஒன்றைப் போல் இன்னொன்று இருந்ததில்லையே.

அன்று தெரியாமல் சுவருக்குப் போனதை இந்த முறை தெரிந்தே போகவிடுவோம். துணியைக் கழற்றும்போது அண்ணன் பாடுவான். பாடவைப்பது என் பொறுப்பு, இது உங்கள் மேல் சத்தியம்.

நீங்கள் பலகையில் ஏறிய பிறகும் உங்கள் கையை விடாத
உங்கள் நாத்தனார்,
மல்லிகா