காது போகாத ஊசி

லாசரின் அப்பா அவர்களுக்கு ரோசம்மா தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உங்களுக்கு இருமல் திரும்பவில்லையே?

குர்லாவில் நான் பாட்டில் கழுவும் மருந்துக் கம்பெனியைப் பார்க்க, நம் பேத்தி எமிலியின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அங்கே புது மருந்து கண்டுபிடிக்கும், மாட்டுங்காவிலிருந்து வேலைக்கு வரும் அம்மா ஒருவர், "இந்தப் படிப்புக்கு யார் வரேள்? வந்து என்ன மருந்து பண்ணுவேள்?" என்று கேட்டார். நானும் கதவோரம் நின்றேன்.

எமிலி எழுந்தாள். "எங்க தாத்தாவுக்கு ஊசி போட்டதுல காசம் போச்சு, காதும் போயிட்டு. காது போகாத ஊசி செய்யணும்."

அந்த அம்மா அவள் பக்கத்தில் வந்து, "அதுக்குத்தான் ஆள் வேணும். படிச்சுட்டு வாம்மா" என்றார். என் பேத்தியாக்கும் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டேன்.

லாசரோ இந்த வருஷத்தோடு மகள் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுகிறான். நான் சொல்லிக் கேட்கவில்லை. நீங்கள் எழுதினால் தட்டமாட்டான். உடனே எழுதுங்கள்.

"அந்த ஊசி வந்தா தாத்தாவுக்குக் காது கேக்குமாட்டி?" என்று அன்று ராத்திரி எமிலியிடம் கேட்டேன். "போனது வராது ஆச்சி" என்று என் மடியில் படுத்து அழுதாள். ஆனாலும் படிக்கட்டும்.

கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது. ரோட்டில் போகும்போது பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்த்து நடங்கள். கையைப் பிடித்து இழுக்க நான் பக்கத்தில் இல்லை.

ரோசம்மா