மாவுக்கை, காண்க: டோரீன்

டுலூத், மினசோட்டா
அக்டோபர் 9, 2005

அன்புள்ள டோரீனுக்கு,

நலம்தானே? ரே முறித்த மணிக்கட்டு குளிரில் வலிக்கிறதா? அந்த உன் புருஷன் சனிக்கிழமை தவறாமல் நூலகத்தில் என் மேசை முன் வந்து நிற்கிறான். "அவ எங்கேன்னு உங்களுக்குத் தெரியும்" என்கிறான். தெரியாது என்று எட்டு மாதமாகச் சாதிக்கிறேன். வாசகர் எடுத்த புத்தகத்தின் பெயரையே போலீசுக்குச் சொல்லாதவள், உன்னையா காட்டிக்கொடுப்பேன்?

இந்த வயதில் எனக்கு வலைப்பூப் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஆளாளுக்கு எழுதித் தள்ளுகிறார்கள், அடுக்கத்தான் நாதியில்லை. அதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது. பிடித்த பக்கத்தைச் சேமித்து நாமே குறிச்சொல் ஒட்டலாம். முப்பது வருடம் நூற்பட்டியல் போட்ட கை சும்மா இருக்குமா?

அடி கள்ளி, உன்னையும் பிடித்துவிட்டேன். 'மாவுக்கை' என்ற பெயரில் ஏலக்காய் ரொட்டி பற்றி எழுதுவது நீதானே? 'அளவுக் கரண்டியும் புருஷனும் தொலைந்தால் தேடாதே' என்று வேறு எவள் எழுதுவாள்? முறைப்படி ஒட்டினேன்: ரொட்டி, ஏலக்காய், உன் ஊர் ஹார்லன் க்ரீக். புனைபெயருக்கு உண்மைப் பெயரைக் காட்டாமல் விட்டால் என் தொழிலுக்கே இழுக்கு. 'மாவுக்கை, காண்க: டோரீன் ஹௌகன்' என்றும் சேர்த்தேன். பட்டியலில் ஏறிவிட்டாய், சந்தோஷப்படு.

அன்புடன்,
வெர்னா

ஹார்லன் க்ரீக்
அக்டோபர் 14

வெர்னா,

இதைப் பார்த்த கையோடு தளத்தில் நீ ஒட்டிய சீட்டைக் கிழித்துப் போடு. அது உன் மேசை இழுப்பறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய், ஊர் உலகமே பார்க்கிற இடத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கணினியில் என் பெயரைத் தட்டினேன். முதலில் வருவது நீ ஒட்டியதுதான். பக்கத்திலேயே ஊர்ப் பெயர்.

நூலகத்துக்குப் போன் செய்தேன். நீ விடுமுறையாம். யார் பேசுவது என்று கேட்டார்கள், பயந்து வைத்துவிட்டேன்.

பெயரை மறைத்து ஒருத்தி எழுதினால் ஏன் மறைத்தாள் என்று யோசிக்க மாட்டாயா? கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத்தான் தூங்குகிறேன். பயமில்லாமல் பேச அந்த வலைப்பூ ஒன்றுதான் இருந்தது. அங்கே பதில் எதுவும் எழுதாதே. அவன் படிப்பான்.

டோரீன்

டுலூத்
அக்டோபர் 18, விரைவு அஞ்சல்

டோரீன்,

காலை பத்து மணிக்கு உன் கடிதம் கிடைத்தது. கணினிக்கு ஓடினேன். வாசகர் கணினி முன் ரே உட்கார்ந்திருந்தான். செவ்வாய்க்கிழமை அவன் வந்ததே இல்லை.

நான் அழித்து முடிப்பதற்குள் அச்சுப்பொறி ஓடியது. காகிதத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். கத்தவில்லை. "தெரியாதுன்னு சத்தியம் பண்ணீங்களே வெர்னா. நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க, பாருங்க" என்றான். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

உன் வீட்டில் போன் இல்லையே, உங்கள் ஊர் ஷெரீஃபுக்கு உடனே போன் செய்தேன். ஆள் அனுப்புகிறேன் என்றார். அனுப்பினாரா? இங்கிருந்து ஒரு பகல், ஒரு ராத்திரி வண்டி ஓட்டினால் வந்துவிடுவான். கிளம்பிவிடு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போடு.

பாவி,
வெர்னா

நவம்பர் 20

வெர்னா,

இருக்கிறேன்.

ஷெரீஃபின் ஆள் கதவைத் தட்டியபோது மாவு உப்பிக்கொண்டிருந்தது. அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் காலை அவன் வண்டி அந்தத் தெருவில் நின்றதாம். உன் கடிதத்தை வீட்டுக்காரி பிறகு அனுப்பிவைத்தாள்.

மாட்டிவிட்டவளும் நீ, தப்பவைத்தவளும் நீ. கோபம் தீரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். வலைப்பூவை அழித்துவிட்டேன். இனி உனக்கும் எழுத மாட்டேன். நீ கெட்டவள் என்பதால் இல்லை. எதையும் அதனதன் இடத்தில் வைக்காமல் உன்னால் இருக்க முடியாது.

இந்த ஊரிலும் நூலகம் இருக்கிறது, சின்னதுதான். நேற்று உள்ளே போனேன். உறுப்பினர் படிவம் கொடுத்தார்கள். முதல் வரியே பெயர். மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கையெழுத்துப் போடவில்லை. யாரென்று உனக்குத் தெரியும். எங்கேயும் எழுதி வைக்காதே.