பெருமாளின் நான்காவது கை

திருமுல்கேரி,
6.11.2024

அன்புள்ள சம்பந்தி மாமிக்கு,

நீலா அநேக நமஸ்காரம். உங்கள் முழங்காலும் மாமாவின் காதும் எப்படி இருக்கின்றன? மாமாவுக்குக் கேட்கட்டும் என்று நீங்கள் போனை ஸ்பீக்கரில் போடுகிறீர்கள். நான் பேசுவது உங்கள் தெருவுக்கே கேட்கிறது. அதனால்தான் பார்சலோடு கடிதமும் வைக்கிறேன்.

உங்களாத்துப் பெருமாள் படத்தை வீட்டை விட்டு அசைக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதால், மாப்பிள்ளை தீபாவளிக்கு ஸ்கேனரையே தூக்கிக்கொண்டு மன்னார்குடி வந்தாரே, அந்தச் சிரமம் வீண் போகவில்லை. உள்ளங்கை அளவுப் படம். மரக்கட்டையில் கையால் செதுக்கி அச்சடித்த அந்தக் காலத்து வேலை. ஒரு தலைமுடி அகலத்துக்குள் இரண்டு கோடு போட்டிருக்கிறான், மகானுபாவன். அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, கறுப்பெல்லாம் மேடு, வெள்ளையெல்லாம் பள்ளம் என்று மரம் செதுக்கும் மெஷினுக்குச் சொல்லித்தர வேண்டும். மீதியை ஜீடிமெட்லா தொழிற்பேட்டை ஷெட்டில் அது பார்த்துக்கொள்ளும். டிபன்ஸ் ஆபீஸில் டிராயிங் போட்டு ரிடையர் ஆன பணத்தில் இந்த மெஷினை வாங்கியபோது, "கோலம் போடறதுக்கா இவ்ளோ பெரிய மெஷின்?" என்று கேட்ட எங்காத்துக்காரர்தான் இப்போது ஊரெல்லாம் எனக்கு விளம்பரம் செய்கிறார்.

இத்துடன் இருப்பது மாதிரிக்கு, பெருமாளின் கிரீடமும் ஒரு கண்ணும். முழுப்படம் தேக்கில், இரண்டடி உயரம். குழந்தைகளின் புது ஃபிளாட்டில் பூஜை அறைக்கு அளவாக இருக்கும்.

ஒரே ஒரு குறை. தை மாதம் கிரகப்பிரவேசத்துக்கு நீங்களும் மாமாவும் சேர்ந்து வரக்கூடாதா? படத்துக்கு முன் எரியும் அந்த அணையா விளக்குக்காகத்தான் கல்யாணத்தையே உங்கள் ஊரில் வைத்துக்கொண்டோம். இப்போதும் ஒருவர் வந்து ஒருவர் காவல் இருப்பது என்றதும் உங்கள் மருமகள் சுஷ்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
நீலா ஜகதீசன்

---

மன்னார்குடி,
14.11.2024

அன்புள்ள நீலா மாமிக்கு,

லலிதாம்பாள் எழுதிக்கொண்டது. பார்சலைப் பிரித்ததும் பெருமாள் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். "நீ மட்டும் தனியாவா வரப்போறே?" என்று கேட்கிற மாதிரியே இருந்தது.

எனக்கு ஆசையில்லையா, மாமி? இந்தாத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக இவரும் நானும் ஒரே ரயிலில் ஏறியதில்லை. காசிக்குக்கூட இவர் போய்த் திரும்பிய பிறகுதான் நான் போனேன். கங்கையில் எல்லோரும் ஜோடியாக முழுக்குப் போட, நான் பக்கத்தாத்து ராஜத்தின் கையைப் பிடித்துக்கொண்டு முழுகினேன்.

உங்கள் மாப்பிள்ளை உமேஷ் உங்களுக்குப் பாதிக் கதைதான் சொல்லியிருப்பான். இவருடைய கொள்ளுத்தாத்தா கோர்ட்டில் குமாஸ்தா. விஷ ஜுரத்தில் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தவர். நான்காவது பிள்ளைக்கும் ஜுரம் கண்டபோது யாரோ ஒரு வழிப்போக்கர் வந்து தீர்த்தம் கொடுத்தாராம். பிள்ளை பிழைத்துக்கொண்டது. வந்தவரைக் காணோம், இந்தப் படம்தான் இருந்ததாம். நான்காவது கையில் இருக்கிற அமிர்த கலசத்துத் தீர்த்தம்தான் அது என்பது இவர்கள் நம்பிக்கை. அன்றைக்கு ஏற்றிய விளக்கு அணையாமல் வீட்டு மனுஷர் ஒருவர் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கேயும் பெருமாள் எழுந்தருளிவிட்டால் இங்கே நாலு நாள் பொறுத்துக்கொள்ள மாட்டாரா என்று இவரிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். "மெஷின் செதுக்கினது பெருமாள் ஆகுமோ?" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அச்சு அசலாக வந்துவிட்டால் மனசு இளகுவார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். ஒரு கோடு குறையக்கூடாது, மாமி.

"நக்கோ அத்தை, தனியா வராதீங்கோ" என்று உங்கள் பெண் போனில் அதட்டுகிறாள். உங்கள் ஊர் பாஷையில் வேண்டாம் என்கிற அந்த நக்கோவில் இருக்கும் அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இப்படிக்கு,
லலிதாம்பாள்

---

திருமுல்கேரி,
25.11.2024

அன்புள்ள மாமிக்கு,

மாமா கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

படத்தில் விளக்குப் புகை ஏறிப் புள்ளி புள்ளியாக அழுக்கு. இப்படிப்பட்ட புள்ளிகளை எல்லாம் ஒரே தட்டில் நீக்கிவிட கம்ப்யூட்டரில் வழி இருக்கிறது. ஒரு கோடு குறையக்கூடாது என்று நீங்கள் சொன்னதால் அதை நம்பாமல், பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதத்துக்குக் கீழே ஓடுவது பூங்கொடி இல்லை, மாமி. கடுகை விடச் சின்ன எழுத்து. குங்குமமும் புகையும் படிந்து இத்தனை காலம் கொடி மாதிரித் தெரிந்திருக்கிறது.

"குளிர் ஜுர மிக்ஸ்சர். பெரியவர்களுக்கு ஒரு ஸ்பூன், குழந்தைகளுக்கு அரை. நன்றாகக் குலுக்கிக் குடிக்கவும்."

உடனே நான்காவது கையைப் பெரிதாக்கினேன். அங்கே இருப்பது கலசம் இல்லை, கழுத்து நீண்ட பாட்டில். தக்கைகூட இருக்கிறது. தினமும் சந்தனம் அதன் மேலேயே வைத்திருக்கிறீர்கள். இது மருந்து பாட்டிலில் ஒட்டிய லேபிள், மாமி.

அழுக்கு என்று கணக்கு வைத்து எழுத்தை எடுத்துவிடலாம். பாட்டிலைக் கொஞ்சம் வளைத்தால் கலசம் ஆகிவிடும். யாருக்கும் தெரியாது. ஆனால் அது உங்களாத்துப் பெருமாள் இல்லை, நான் இட்டுக்கட்டிய பெருமாள். உள்ளபடியே செதுக்கினாலோ, இரண்டடிப் பலகையில் ஒவ்வொரு எழுத்தும் பட்டாணி அளவு வரும். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாய்விட்டுப் படிப்பார்கள். மாமா மனசு என்ன பாடுபடும்? நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வரும் ஆசையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

இங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை. நீங்கள் சொல்லும்வரை மெஷினைத் தொடமாட்டேன்.

நீலா

---

திருமுல்கேரி,
9.12.2024

அன்புள்ள மாமிக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தால் மாமா எடுத்து, "சௌக்கியம், சௌக்கியம்" என்று சொல்லி வைத்துவிடுகிறார். இதற்கு முன் அவர் இப்படிப் பேசியதே இல்லை.

தேக்குப் பலகையை மெஷினில் பூட்டியபடியே வைத்திருக்கிறேன். ஷெட்டுக்குப் போவேன், அதைத் தடவிப் பார்ப்பேன், திரும்பி வருவேன். சுற்றிலும் மருந்துக் கம்பெனிகள். அந்த வாசனை வந்தாலே இப்போது ஷெட் கதவைச் சாத்திவிடுகிறேன்.

கோபமென்றால் நாலு வார்த்தை திட்டியாவது எழுதுங்கள். அந்தக் கோபத்தைச் சுஷ்மாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். அவளுக்கு இது எதுவும் தெரியாது.

நீலா

---

மன்னார்குடி,
15.12.2024

அன்புள்ள நீலா,

மாமியை இத்தோடு விட்டுவிட்டேன். இப்படி ஒரு ரகசியத்தைப் பங்கு போட்டுக்கொண்ட பிறகு நமக்குள் என்ன மாமி? நீயும் என்னை லலிதா என்றே கூப்பிடு.

கோபமெல்லாம் இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அப்புறம் காசி நினைவுக்கு வந்தது, அழுதேன். ஒரு ஜுர மருந்துக்கா இத்தனை காலம் காவல் இருந்தேன் என்று ஆத்திரமாகக்கூட வந்தது. இவரிடம் சொல்லவும் தைரியமில்லை, மறைக்கவும் முடியவில்லை. காது கேட்காதவரிடம் ரகசியம் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமோ? கத்திச் சொல்ல வேண்டும்! பல நாள் தவித்துவிட்டு, கடைசியில் உன் கடிதத்தையே நீட்டிவிட்டேன்.

படித்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பூஜை அறைக்குப் போனார். அதற்கப்புறம் பொழுதெல்லாம் படத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். நீ போன் செய்தது அந்தச் சமயத்தில்தான். எனக்கும் கதிகலங்கித்தான் போயிருந்தது.

நேற்று சாப்பிட்டுக் கை அலம்பி வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பெரியவாள்ளாம் தீர்த்தம் தீர்த்தம்னு சொன்னாளே, இதான் அது. அந்த வழிப்போக்கன் மருந்து விக்கறவனா இருப்பான். ஆனா லலிதா, வந்தது பெருமாள்தான். பாட்டில்ல வந்திருக்கார்" என்றார். கண் கலங்கியிருந்தது. மூன்றைப் பறிகொடுத்த மனுஷர், நான்காவது எழுந்து உட்கார்ந்ததும் அந்த லேபிளை உரித்துச் சுவரில் ஒட்டி விளக்கேற்றியிருக்கிறார். இதில் பொய் எங்கே இருக்கு என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

"அப்போ விளக்கு?" என்று கத்தினேன்.

"ஜுரம் விட்டவன் பாட்டிலுக்குக் காவல் உக்காந்திருப்பானோ? ராஜத்துகிட்ட எண்ணெயைக் குடுத்துட்டுப் போவோம். அணைஞ்சா வந்து ஏத்திண்டா போச்சு."

இவ்வளவுதான், நீலா. நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்து அந்தப் பக்கம் வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

நீ மெஷினை ஓட்டு. ஓர் எழுத்தையும் எடுக்காதே. பாட்டில் பாட்டிலாகவே இருக்கட்டும், தக்கையோடு. "குலுக்கிக் குடிக்கவும்" என்கிற வரியை மட்டும் கொஞ்சம் தூக்கலாகவே செதுக்கச் சொல்கிறார். கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டுமாம்.

சார்மினார் எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. எங்கள் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதை நான் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னலோரம் யாருக்கு என்று காலையிலிருந்து சண்டை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தச் சண்டை இப்போதுதான் எங்களுக்கு வாய்த்திருக்கிறது.

உன்,
லலிதா